பனிக்கட்டி வணிகர் பிரடெரிக் டியூடர்

நுழையும்முன்

குளிர் என்பது தனிப்பொருள் அன்று. வெப்பம் நீங்கிய நிலையே குளிர். ஒரு பொருளைக் குளிர்விப்பதைப் போன்றே, குளிர்ந்த பொருளை வெப்பம் அணுகாமல் காப்பதும் அறிவியலே. குளிர்பதனப் பொறிகள் பரவாத காலத்தில் அவ்வறிவியலைப் பட்டறிவால் கற்று, அமெரிக்க ஏரிகளின் பனிக்கட்டியைச் சென்னைக் கடற்கரைவரை கொண்டுவந்த ஒருவரின் வாழ்க்கையைக் காண்போம்.

நகைப்புக்கு ஆளான எண்ணம்

பிரடெரிக் டியூடர் 1783 செப்டம்பர் 4ஆம் நாள் பாஸ்டன் நகரில் செல்வாக்கு மிக்க வழக்கறிஞர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். உடன்பிறந்தோர் ஹார்வர்டில் பயில, இவரோ பதின்மூன்றாம் வயதில் பள்ளியை விட்டு வணிகத்தில் இறங்கினார். பாஸ்டனைச் சூழ்ந்த ஏரிகள் குளிர்காலத்தில் உறைந்து கிடக்கும். அப்பனிக்கட்டியை வெட்டியெடுத்து வெப்ப நாடுகளில் விற்கலாம் என்று அவர் கருதினார். கேட்டோர் நகைத்தனர். கப்பல் உரிமையாளர் எவரும் அச்சரக்கை ஏற்ற முன்வரவில்லை. எனவே தாமே ஒரு கப்பலை வாங்கி, 1806இல் ஏறத்தாழ 130 டன் பனிக்கட்டியுடன் மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்றான மார்த்தினிக்குக்குச் சென்றார். பனிக்கட்டி கரை சேர்ந்தது. ஆனால் அதனைச் சேமிக்க அங்குக் கிடங்கு இல்லை. சரக்கு உருகியது, பேரிழப்பு நேர்ந்தது.

சிறையும் சோதனையும்

கடன் பெருகியது. 1812இலும் 1813இலும் கடனுக்காகச் சிறை புகுந்தார். எனினும் அவர் தம் முயற்சியைக் கைவிடவில்லை. கியூபாவின் ஹவானா நகரில் கிடங்கு அமைத்து, கையில் கடிகாரத்துடன் நின்று, உருகி வடியும் நீரை அளந்தார். எப்பொருளால் மூடினால் உருகுதல் குறைகிறது, கதவைத் திறந்தால் எவ்வளவு மிகுகிறது என்று குறித்துவைத்தார். மரத்தூளே சிறந்த காப்பு எனக் கண்டார். மரத்தூளின் இடுக்குகளில் அசைவின்றித் தேங்கிய காற்று, வெப்பத்தை எளிதில் கடத்தாது என்பதே அதன் காரணம். பின்னர் நத்தானியேல் வைத் என்பார் குதிரை இழுக்கும் பனி வெட்டும் கருவியை உருவாக்கினார். ஒரே அளவாக வெட்டிய கட்டிகளை இடைவெளியின்றி அடுக்கவே, உருகுதல் மேலும் குறைந்தது.

இந்தியக் கரையில்

1833 மே மாதம் டஸ்கனி என்னும் கப்பல் 180 டன் பனிக்கட்டியுடன் பாஸ்டனிலிருந்து புறப்பட்டது. நிலநடுக்கோட்டை இருமுறை கடந்து, நான்கு திங்கள் பயணித்து, செப்டம்பரில் கொல்கத்தாவை அடைந்தபோது ஏறத்தாழ 100 டன் எஞ்சியிருந்தது. சென்னையிலும் 1842இல் கடலை நோக்கிப் பனிக்கட்டிக் கிடங்கு எழுந்தது. காப்பி வணிகத்தில் ஏற்பட்ட பெருங்கடனையும் பனிக்கட்டி ஈட்டிய பொருளாலேயே டியூடர் அடைத்தார். 1864 பிப்ரவரி 6ஆம் நாள் அவர் மறைந்தார்.

மாறிய பொறி, மாறாத விதி

அடுத்த சில பத்தாண்டுகளில் நீராவிப் பொறிகள் இந்திய நகரங்களிலேயே பனிக்கட்டியை உருவாக்க, கடல்வழி வணிகம் மறைந்தது. சென்னைக் கிடங்கு கைமாறியது. 1897இல் விவேகானந்தர் அதில் தங்கினார். இன்று அது விவேகானந்தர் இல்லமாக விளங்குகிறது. ஐஸ் ஹவுஸ் என்னும் பெயர் மட்டும் அப்பகுதியில் நிலைத்துவிட்டது.

டியூடருக்கு வெப்பம் நுழைந்தால் பனிக்கட்டி குறைந்தது. நமக்கு மின்சாரம் செலவாகிறது. பனிச்சறுக்கு நடைபெறும் உள்ளரங்குகளில் கூரையும் விளக்குகளும் வெளிக்காற்றும் தரும் வெப்பத்தைப் பொறிகள் ஓயாமல் வெளியேற்ற வேண்டும். அதனால், பொறியைப் பெரிதாக்கும் முன் தளத்தின் அடியிலும் சுவர்களிலும் வெப்பக் காப்பு அமைப்பதும், கூரை வீசும் வெப்பத்தைக் குறைப்பதும் சிக்கனமாகும். ஓசூர் வட்டாரத்தில் பறிக்கப்படும் ரோசா மலர்களை ஏற்றுமதிவரை வாடாமல் காக்கும் குளிர்பதன அறைகளுக்கும் இவ்விதியே பொருந்தும். காப்புப் பலகைச் சுவரும் இறுக மூடிய கதவும் மரத்தூளின் இடத்தைப் பெற்றுள்ளன. நுழைந்த வெப்பத்தை வெளியேற்றுவதினும் அதனை நுழையவிடாமல் தடுப்பதே எளிது என்பதை, வடிந்த நீரை அளந்தே டியூடர் கற்றார்.