பரிசு தந்த பாண்டித்துரையார்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி. மாணவர், திரேஸ்புரம்)

பள்ளியில் பயின்ற நாளில் கட்டுரைப் போட்டி ஒன்றில் எனக்கு ஒரு வெண்கலப் பதக்கம் கிடைத்தது. எழுத்தறியாத என் அன்னை அதைக் கையில் வாங்கித் தடவிப் பார்த்து, இதைக் கொடுத்த புண்ணியவான் யார் என்று கேட்டார். பதக்கத்தின் பின்புறம் ஒரு பெயர் பொறித்திருந்தது. அவர் அப்போட்டியை ஏற்படுத்தியவர் என்பதற்கு மேல் நான் ஒன்றும் அறியேன். வென்றவன் பெயரை ஊர் அறிகிறது. போட்டியை நிறுவியவர் பெயரை வென்றவனே அறிவதில்லை! அந்த வெட்கமே, தமிழ் கற்போருக்குத் தேர்வும் பரிசும் ஏற்படுத்திய ஒரு வள்ளலின் வரலாற்றை என்னைத் தேட வைத்தது. அவர்தாம் பாலவநத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர்.

1867-ஆம் ஆண்டில் பொன்னுசாமித் தேவரின் மகனாகத் தோன்றினார் பாண்டித்துரையார். தந்தையாரும் புலவர்களைப் போற்றியவர். இளமையிலேயே தந்தையை இழந்தபோதிலும், தக்க ஆசிரியர்களிடம் தமிழும் ஆங்கிலமும் கற்றார். செல்வச் செருக்கு அவரை அண்டவில்லை. புலவர்கள் நடுவே அமர்ந்து கேட்பதிலும், தாமே சொற்பொழிவாற்றுவதிலும் இன்பம் கண்டார். பல நூல்களிலிருந்து தேர்ந்த பாடல்களைத் தொகுத்துப் பன்னூற்றிரட்டு என்ற நூலையும் அளித்தார்.

1901-இல் மதுரைக்கு வந்த அவர், பேசுவதற்குக் குறிப்பெடுக்கத் திருக்குறளும் கம்பராமாயணமும் வேண்டுமென்று கேட்டாராம். சங்கம் வளர்த்த அந்நகரில் அவை எளிதில் கிடைக்கவில்லை என்பர். வேறொருவராயின் வருந்திவிட்டு ஊர் திரும்பியிருப்பார். பாண்டித்துரையாரோ அவ்வாண்டு செப்டம்பர் 14-ஆம் நாள் மதுரையில் நான்காம் தமிழ்ச் சங்கத்தை நிறுவினார். உறவினரான இராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதி துணை நின்றார். செந்தமிழ்க் கல்லூரியும், நூல் நிலையமும், அச்சகமும், 'செந்தமிழ்' என்ற திங்களிதழும் தோன்றின. சிங்காரவேலு முதலியார் அரும்பாடுபட்டுத் தொகுத்த அபிதான சிந்தாமணி 1910-இல் சங்கத்தின் வாயிலாகவே வெளிவந்தது.

இவை எல்லாவற்றினும் என் நெஞ்சைத் தொட்டது சங்கம் நடத்திய தேர்வுகளே. பிரவேச பண்டிதம், பால பண்டிதம், பண்டிதம் என மூன்று படிகள். சிறப்பாகத் தேறியவர்களுக்குப் பரிசும் உண்டு. ஆங்கிலக் கல்லூரிப் பட்டமே மதிப்பெனக் கருதப்பட்ட காலத்தில், தமிழை மட்டும் நம்பிக் கற்றவனுக்கும் ஒரு பட்டம் உண்டு என்று காட்டியவை அவை. மொழிஞாயிறு தேவநேயப் பாவாணரும் 1924-இல் இப்பண்டிதத் தேர்வில் வென்றவரே. தேர்வு என்றால் நாம் அஞ்சுகிறோம். எத்தனையோ ஏழைகளுக்கு அத்தேர்வே வாழ்வின் வாயிலாயிற்று.

அவ்வள்ளலை நம் தூத்துக்குடியும் மறக்கலாகாது. 1906-இல் வ.உ.சிதம்பரனார் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியபோது அதன் தலைவராக விளங்கியவர் பாண்டித்துரையாரே. மூலதனம் 10 லட்சம் ரூபாய், பங்கு ஒன்று 25 ரூபாய், பங்குகள் 40,000. காலியா, லாவோ என்ற கப்பல்கள் 1907-இல் வந்து சேர்ந்தன. எங்கள் திரேஸ்புரத்து மக்கள் வள்ளம் தள்ளும் இதே கடலில்தான் அவை கொழும்புக்குச் சென்றன. வெள்ளையர் கம்பெனியின் போட்டியும், 1908-இல் சிதம்பரனார் அடைந்த சிறையும் கம்பெனியை நலிவித்தன. 1911-இல் அது மூடப்பட்டது. அதே ஆண்டில், 44 வயதில், பாண்டித்துரையாரும் மறைந்தார்.

கப்பல் நிலைக்கவில்லை, சங்கமோ நூற்றாண்டைக் கடந்து நிற்கிறது. ஆயினும் இரண்டுக்கும் அவர் கை ஒன்றாகவே நீண்டது. பயன் தருமா என்று பார்த்து நீண்ட கை அன்று அது.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். என் தந்தை சங்கு குளிப்பவர். அவர் மூச்சடக்கி எடுத்துவரும் சங்கைப் போற்றுவோர் பலர்; மூழ்கியவரைக் கேட்போர் இல்லை. போட்டிகளை நிறுவியோரும் அத்தகையோரே. சென்ற பொங்கலன்று எங்கள் தெருச் சிறுவர்களுக்குக் குறள் ஒப்பித்தல் போட்டி நடத்தினோம். பரிசு ஒரு நோட்டும் பேனாவுந்தான். ஆனால் பரிசளிக்கும் முன் பாண்டித்துரையாரின் கதையைச் சொன்னேன். அன்று அன்னை கேட்ட கேள்விக்கு, காலந்தாழ்ந்தேனும் நான் தந்த விடை அது.