நொபிலி என்றொரு பெயர்
தத்துவ போதகர் இராபர்ட் தெ நொபிலி சுவாமியின் வாழ்வு



ஜூபிலி ஆண்டில் நம் பங்கின் பழைய ஞானஸ்நானப் பதிவேடுகளைப் புரட்டிப் பார்ப்பவர்களுக்கு ஒன்று விளங்கும். சவேரியார், பெல்லார்மின், கொன்சாகா என்று நம் பிள்ளைகளுக்கு நாம் ஆசையோடு இட்ட பெயர்களில் பல, உண்மையில் மேல்நாட்டுக் குடும்பப் பெயர்கள். சவேரியாரின் சொந்தப் பெயர் பிரான்சிஸ். கொன்சாகாவின் சொந்தப் பெயர் அலோசியுஸ். நம் மக்களோ குடும்பப் பெயரையே சொந்தப் பெயராக்கி, வீட்டுப் பிள்ளைக்குச் சூட்டிக்கொண்டார்கள். அப்படி இத்தாலியிலிருந்து வந்த ஒரு குடும்பப் பெயருக்கும் நம் சேலம், நாமக்கல் மண்ணுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. நொபிலி என்பதே அப்பெயர்.

நம் பகுதியில் இன்ன கூட்டத்தார் என்று சொல்லும் வழக்கத்தை அறிவீர்கள். இத்தாலிய நாட்டிலும் அத்தகைய வழக்கமே குடும்பப் பெயராக நிலைத்தது. அங்கு இகரத்தில் முடியும் குடும்பப் பெயர்கள் மிகுதி. அந்த இகரம் பெரும்பாலும் பன்மையைக் குறிக்கும். இன்னாருடைய வீட்டார் என்பது பொருள். நொபிலே என்றால் மேன்மகன். நொபிலி என்றால் மேன்மக்கள். தெ நொபிலி என்றால் மேன்மக்கள் வழியில் வந்தவர். இப்பெயர் உடைய எல்லாரும் பிரபுக்கள் அல்லர். பட்டப்பெயராகவும் ஆட்பெயராகவும் தொடங்கி எளிய குடும்பங்களிலும் இது பரவிற்று. வெப்பத்தை அளக்கும் கருவியால் புகழ்பெற்ற விஞ்ஞானி லெயோபோல்தோ நொபிலியும், 1926இல் ஆகாயக் கப்பலில் வட துருவத்தின் மேல் பறந்த உம்பெர்த்தோ நொபிலேயும் இப்பெயர் வரிசையைச் சேர்ந்தவர்களே.

ஆனால் நம் இராபர்ட் சுவாமியின் குடும்பம் பெயருக்கேற்ற குடும்பம். மோந்தேபுல்சியானோ என்னும் ஊரில் வேரூன்றிய உயர்குடி அது. மூன்றாம் யூலியுஸ் பாப்பரசரும், திருச்சபையின் மறைவல்லுநரான புனித இராபர்ட் பெல்லார்மினும் அக்குடும்பத்தின் உறவினர்கள். 1577ஆம் ஆண்டு பிறந்த இராபர்ட், பாப்பரசரின் படையில் தளபதியாக இருந்த பிரபு ஒருவரின் மூத்த மகன். பட்டமும் சொத்தும் அவருக்கே உரியவை. அவற்றைத் துறந்து, குடும்பத்தாரின் எதிர்ப்பையும் மீறி, நேப்பிள்ஸ் நகரில் சேசு சபையில் சேர்ந்தார். 1604இல் கப்பல் ஏறி, 1605 மே மாதம் கோவா வந்து இறங்கினார். 1606இல் மதுரையை அடைந்தார்.

மதுரையில் அவர் கண்டது என்ன? அங்கே ஒரு குரு பல ஆண்டுகள் உழைத்தும் ஊரார் எவரும் மனந்திரும்பவில்லை. காரணம் ஒரு சொல். போர்த்துக்கீசியரை மக்கள் பறங்கிகள் என்றழைத்தனர். மாட்டிறைச்சி தின்று, மது அருந்தி, குளியாமல் திரிபவன் பறங்கி என்பது அவர்கள் எண்ணம். திருமறையில் சேர்வதையோ, பறங்கி குலத்தில் சேர்வதாகவே அவர்கள் கருதினர். ஒரு பெயர் நற்செய்தியின் வாசலையே அடைத்து நின்றது!

நொபிலி சுவாமி அந்த வாசலைத் திறக்கத் தம் குடும்பப் பெயரையே திறவுகோலாக்கினார். தாம் பறங்கி அல்லர், உரோமையில் அரசர் குலத்துக்கு ஒப்பான குலத்தில் பிறந்து துறவு பூண்டவர் என்று அறிவித்தார். காவி உடுத்தினார், மரக்கறி உணவே உண்டார், தமிழும் தெலுங்கும் வடமொழியும் கற்றார். மக்கள் அவரைத் தத்துவ போதகர் என்று அழைத்தனர்.

இங்கே ஓர் இனிய செய்தியைச் சொல்ல வேண்டும். நொபிலி என்பதன் மூலமான நொபிலிஸ் என்னும் லத்தீன் சொல்லின் முதற்பொருள் அறியப்பட்டவர் என்பதாகும். அதன் வேர் அறிதலைக் குறிக்கும் வினைச்சொல். வடமொழி ஞானமும் அதே ஆதி வேரிலிருந்து கிளைத்தது என்பது மொழியறிஞர் முடிவு. ஆகவே ஞானோபதேசம் எழுதிய இவருடைய குலப்பெயருக்குள்ளேயே ஞானம் மறைந்திருந்தது எனலாம். பூசை, கோவில், குரு, பிரசாதம் போன்ற சொற்களை நம் வழிபாட்டு மொழியில் வேரூன்றச் செய்தவர் அவரே. தமிழ் உரைநடையின் முன்னோடிகளுள் ஒருவராகவும் அவரை அறிஞர் போற்றுகின்றனர்.

அவர் முறைக்கு எதிர்ப்பும் கிளம்பியது. குடுமியும் பூணூலும் சந்தனமும் அஞ்ஞானச் சின்னங்கள் என்று பலர் குற்றம் சாட்டினர். 1619இல் கோவாவில் விசாரணை நடந்தது. கடைசியில் 1623 ஜனவரி 31ஆம் நாள் பதினைந்தாம் கிரகோரியார் பாப்பரசர் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார்.

அதே 1623ஆம் ஆண்டில்தான் சுவாமி மதுரையை விட்டு வடக்கே புறப்பட்டார். திருச்சிராப்பள்ளி வழியாகச் சேந்தமங்கலம் வந்தார். நாமக்கல் மலைக்கோட்டையைக் கட்டியவர் என்று சொல்லப்படும் இராமச்சந்திர நாயக்கர் அவரை மரியாதையோடு வரவேற்றார். சேலத்திலோ முதலில் வீடு கொடுப்பார் இல்லை. வழிப்போக்கர் தங்கும் பொதுச் சத்திரத்தில் ஒண்டியிருந்து துன்பப்பட்டார். பொறுமை வீண்போகவில்லை. சேலத்தை ஆண்ட நாயக்கரின் அண்ணன் திருமங்கல நாயக்கர், ஆட்சியுரிமை இழந்து வாழ்ந்தவர், அவரைத் தேடி வந்தார். நாடிழந்த ஓர் அரசரும் பட்டம் துறந்த ஒரு பிரபுவும் நம் ஊரில் எதிரெதிரே அமர்ந்து ஆண்டவரைப் பற்றிப் பேசினர். 1625இல் திருமங்கல நாயக்கர் ஞானஸ்நானம் பெற்றார். சேலத்தை அடுத்த மோரமங்கலம் மறைப்பணித் தளமாயிற்று. 1930இல் சேலம் மறைமாவட்டம் உருவாவதற்கு ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே இங்கே விசுவாச வித்து விழுந்துவிட்டது.

பிரியமானவர்களே, சுவாமியின் பெருமையைப் பேசும்போது மற்றொரு உண்மையை மறைப்பது அழகன்று. உயர்குலம் என்ற திறவுகோல் சில வீடுகளைத் திறந்தது; வேறு சில வீடுகள் அதனாலேயே வெளியே நின்றன. உயர்குலத்தாரிடையே பழகிய குரு, தாழ்த்தப்பட்டோர் வீட்டில் வெளிப்படையாக நுழைய இயலவில்லை. அக்குறையைச் சுவாமியும் உணர்ந்திருந்தார். ஆகவே எல்லாச் சாதியாரிடமும் செல்லக்கூடிய பண்டாரசுவாமிகள் என்னும் குருக்கள் முறை 1640இல் தொடங்கியது. பல்தசார் தா கோஸ்தா சுவாமி அவ்வாறு உழைத்தவர்களுள் முதல்வர். எனினும் குலத்துக்கொரு குரு என்ற ஏற்பாடு, கோவிலுக்குள்ளும் கல்லறைத் தோட்டத்திலும் கோடு கிழிப்பவர்களுக்குப் பிற்காலத்தில் சாக்காகிவிட்டது.

1623ஆம் ஆண்டுத் தீர்ப்பின் பிற்பகுதியைப் பலர் படிப்பதில்லை. பூணூலுக்கு அனுமதி தந்த அதே பாப்பரசர், குலப்பெருமை உடையோர் எளியோரை இகழக் கூடாது, சிறப்பாகக் கோவிலில் அவர்களைத் தள்ளி வைத்துத் தேவ வார்த்தை கேட்பதும் தேவதிரவிய அனுமானங்களைப் பெறுவதும் கூடாது என்று மிகவும் வருந்திக் கேட்டுக்கொண்டார். அனுமதியை நாம் மறக்காமல் வைத்துக்கொண்டோம். வேண்டுகோளை என்ன செய்தோம்? ஒவ்வொரு குடும்பமும் இந்த ஜூபிலி ஆண்டில் தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது.

சுவாமியின் கடைசி நாட்களைப் பாருங்கள். 1640இல் மதுரையில் சிறைப்பட்டார். முதுமையில் பார்வை மங்கிற்று. யாழ்ப்பாணத்துக்கும் பின்னர் மயிலாப்பூருக்கும் அனுப்பப்பட்டார். அங்கே மண் குடிசையில் வாழ்ந்து, அருகிருந்தவர்கள் எழுத, தம் நூல்களைச் சொல்லிச் சொல்லித் திருத்தினார். 1656 ஜனவரி 16ஆம் நாள் உயிர்நீத்தார். பிரபு வீட்டு மூத்த மகனிடம் எஞ்சியிருந்தது ஓலைச்சுவடிகளே.

இன்று தன்பாத் நகரின் பள்ளியும் பூனா நகரின் சேசு சபைக் கல்லூரியும் தெ நொபிலி பெயரைத் தாங்கி நிற்கின்றன. அவர் குடும்பத்தின் பட்டத்தை நினைத்து எவரும் அப்பெயரைச் சூட்டவில்லை. அவர் விட்டு வந்ததையும் செய்ததையும் நினைத்தே சூட்டினார்கள். மேன்மக்கள் என்பது பிறப்பால் அவருக்குக் கிடைத்த பெயர். அதை உழைப்பால் உண்மையாக்கினார்.

நமக்கும் ஞானஸ்நானத் தொட்டியில் ஒரே குடும்பப் பெயர் கிடைத்திருக்கிறது. கிறிஸ்தவர் என்பதே அப்பெயர். அதற்கு மேலே வேறொரு குலப்பெயரை எழுதிவைக்காமல் வாழ ஆண்டவர் நம் பங்குக்கு அருள்புரிவாராக.