கழிவுத் தாரில் பிறந்த மழைக்கோட்டு

சைக்கிளில் வேலைக்குப் போகிறவருக்கு மழைக்காலம் ஒரு சோதனைக் காலம்.

ரப்பர் கோட்டை மாட்டிக்கொள்கிறார். கொட்டுகிற மழையில் ஐந்து கிலோ மீட்டர் மிதிக்கிறார். போய்ச் சேர்ந்ததும் கோட்டைக் கழற்றுகிறார். மழை ஒரு சொட்டுக்கூட உள்ளே வரவில்லை. ஆனால் சட்டை தொப்பலாக நனைந்திருக்கிறது. அத்தனையும் வேர்வை!

மழைக்குத் தப்பி வேர்வையில் நனையும் இந்தக் கதைக்கு வயது சுமார் 200. அதைத் தொடங்கி வைத்தவர் ஸ்காட்லாந்துக்காரர் ஒருவர். பெயர், சார்லஸ் மெக்கின்டாஷ். இங்கிலீஷ்காரர்கள் மழைக்கோட்டுக்கே அவர் பெயரைச் சூட்டிவிட்டார்கள். சூட்டும்போது, அவர் பெயரில் இல்லாத ஓர் எழுத்தையும் நடுவில் சேர்த்துவிட்டார்கள். புகழ் வரும்போது இப்படிச் சில சங்கடங்களும் வரும்!

சாயக்காரர் மகன்

ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ என்று ஒரு நகரம். மழைக்குப் பேர்போன ஊர். அங்கே 1766-ம் ஆண்டு டிசம்பர் 29-ந் தேதி மெக்கின்டாஷ் பிறந்தார்.

தந்தை ஜார்ஜ் சாய ஆலை முதலாளி. பாறைகளில் படரும் ஒருவகைப் பாசியிலிருந்து ஊதா நிறச் சாயம் எடுத்து விற்றார். அந்தச் சாயத்தை எடுக்க அம்மோனியா என்ற காரப்பொருள் தேவை. அந்தக் காலத்தில் அது கிடைத்தது எதிலிருந்து தெரியுமா? மனிதரின் சிறுநீரிலிருந்து! நகரத்து வீடுகளில் அதைச் சேகரித்து ஆலைக்குக் கொண்டுவந்தார்கள்.

தொழில் ரகசியம் வெளியே போய்விடக் கூடாது என்பதில் ஜார்ஜ் வெகு கண்டிப்பு. ஆலையைச் சுற்றி உயரமான மதில் எழுப்பினார். வேலைக்கு, மலைநாட்டு மொழி பேசும் ஆட்களாகப் பார்த்து வைத்துக்கொண்டார். நகரத்தாரோடு அவர்கள் பேசினால்தானே ரகசியம் போகும்!

சிறுவன் சார்லஸ் அந்தச் சாயத்தோடும் நாற்றத்தோடும் வளர்ந்தான். மற்றவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு விலகும் பொருளில் காசு இருக்கிறது என்பதைச் சின்ன வயதிலேயே பார்த்தவன் அவன்.

குமாஸ்தா வேலை வேண்டாம்

வாலிபரானதும் ஒரு வியாபாரியின் அலுவலகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். கை கணக்கு எழுதியது. மனம் ரசாயனத்தில் இருந்தது. எடின்பரோ நகரில் ஜோசப் பிளாக் என்ற பெரிய விஞ்ஞானி நடத்திய பாடங்களைக் கேட்டு வந்தார். இருபது வயது நிறைவதற்குள் குமாஸ்தா வேலையை உதறிவிட்டார். சொந்தமாக ரசாயனப் பொருள்கள் செய்யத் தொடங்கினார்.

தொட்டதெல்லாம் துலங்கியது. நிலக்கரிச் சுரங்கத்தில் வீணாகக் கிடந்த கல்லிலிருந்து படிகாரம் எடுத்தார். 1797-ல் தொடங்கிய அந்த ஆலைதான் ஸ்காட்லாந்தின் முதல் படிகார ஆலை. துணி வெளுக்கும் தூளுக்கு 1799-ல் சார்லஸ் டெனன்ட் என்பவர் உரிமைப் பத்திரம் வாங்கினார். அந்தத் தொழிலில் மெக்கின்டாஷ் கூட்டாளி. அந்தத் தூளைக் கண்டுபிடித்ததில் பெரும் பங்கு மெக்கின்டாஷுக்கே உண்டு என்று சொல்பவர்கள் பலர்.

ஐம்பது வயதைத் தாண்டிய பிறகுதான் அவருடைய பெயர் நிலைக்கும் காரியம் நடந்தது.

தாருக்கு விலை பேசினார்

அப்போது கிளாஸ்கோவில் காஸ் விளக்குகள் வந்துவிட்டன. நிலக்கரியை மூடிய கலத்தில் சுட்டால் எரியும் வாயு கிடைக்கும். அதைக் குழாயில் அனுப்பித் தெருவிளக்கு ஏற்றினார்கள். வாயு போன பிறகு இரண்டு பொருள்கள் மிஞ்சும். ஒன்று அம்மோனியா கலந்த நீர். மற்றொன்று கன்னங்கரேலென்ற தார். இவற்றை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று காஸ் கம்பெனிகள் விழித்தன.

மெக்கின்டாஷ் 1819-ல் அந்தக் கழிவை வாங்கிக்கொள்ள ஒப்பந்தம் செய்தார். அவருக்கு வேண்டியது அம்மோனியா. அப்பாவின் சாயத்துக்கு அது உதவும். தார் கூடவே வந்தது. வந்ததைச் சும்மா விடுவாரா? காய்ச்சி வடித்துப் பார்த்தார். நாப்தா என்ற மெல்லிய எண்ணெய் கிடைத்தது.

இந்த எண்ணெயில் ரப்பர் கரையும்! தென் அமெரிக்கக் காடுகளிலிருந்து வந்த ரப்பரை அதுவரை பென்சில் எழுத்தை அழிக்கத்தான் பெரும்பாலும் பயன்படுத்தினார்கள். அதை நன்றாகக் கரைக்க வழி தெரியாமல் பலர் திண்டாடிக்கொண்டிருந்தார்கள்.

நியாயமாக இங்கே இன்னொருவர் பெயரையும் சொல்ல வேண்டும். எடின்பரோவில் வைத்தியம் படித்துக்கொண்டிருந்த ஜேம்ஸ் சைம் என்ற மாணவர், தார் எண்ணெயில் ரப்பர் கரைவதை 1818-லேயே கண்டு, அதை வெளியிட்டும் விட்டார். ஆனால் அவர் மனம் கத்தியிலும் காயத்திலும் இருந்தது. பின்னாளில் பெரிய அறுவை வைத்தியராகப் புகழ் பெற்றார். ரப்பரைத் திரும்பிப் பார்க்கவில்லை. ரப்பரைக் கரைக்கும் வழி சைமுடையது. கரைத்ததை வைத்து உலகத்துக்கு ஒரு கோட்டு செய்யலாம் என்ற யோசனை மெக்கின்டாஷுடையது.

அந்த யோசனை மிக எளியது. ரப்பர் கரைசலைத் துணிமேல் பூசினால் கையிலும் காலிலும் ஒட்டும். ஆகவே இரண்டு துணிகளுக்கு நடுவே பூசி, சேர்த்து அழுத்திவிட்டார். இரண்டு சப்பாத்திகளுக்கு நடுவே வெல்லப்பாகைத் தடவி ஒட்டுவதைப்போல! மேலேயும் கீழேயும் துணி. நடுவே தண்ணீர் புகாத ரப்பர்.

1823-ல் இதற்கு உரிமைப் பத்திரம் பெற்றார். அதே ஆண்டில் லண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கிக் கௌரவித்தது. அடுத்த ஆண்டு, பர்லி சகோதரர்களோடு கூட்டுச் சேர்ந்து மான்செஸ்டரில் ஆலை எழுந்தது. வட துருவப் பக்கம் ஆராயப் போன ஜான் பிராங்க்ளின்கூட இந்தத் துணியை வாங்கிச் சென்றார்.

தையல்காரர் செய்த வேலை

தொல்லை அதற்குப் பிறகுதான் ஆரம்பமாயிற்று.

துணி நல்ல துணி. ஆனால் தையல்காரர் ஊசியால் குத்துகிறாரே! ஒவ்வொரு குத்தும் ஓர் ஓட்டை. ஓட்டை வழியே மழை ஒழுகியது. பழி துணிமேல் விழுந்தது. வேறு வழியின்றிக் கம்பெனியே கோட்டுகளைத் தைத்து, தையல் இடங்களை ரப்பரால் அடைத்து விற்க வேண்டியதாயிற்று.

குளிரில் அந்தக் கோட்டு பலகையாக விறைத்தது. வெயிலில் பிசுபிசுத்தது. அதன் வாடையோ, கோட்டுக்காரர் வருமுன்பே வந்துவிடும்! அதோடு ரப்பர் காற்றையும் விடாது. வேர்வை வெளியே போக வழியில்லை. இதனால் உடம்புக்குக் கேடு என்று வைத்தியர்கள் குறை சொன்னார்கள்.

லண்டனில் ரப்பரைப் பிசையும் இயந்திரம் செய்திருந்த தாமஸ் ஹன்காக் என்ற கெட்டிக்காரர் துணைக்கு வந்தார், 1831-ல் கூட்டாளியானார். சரக்கு கொஞ்சம் மேம்பட்டது. தம் உரிமையை மீறியவர்கள்மேல் மெக்கின்டாஷ் 1836-ல் வழக்காடி வென்றார். ஆனால் கோர்ட்டில் ஜெயித்தவரை ரயில் தோற்கடித்தது. முன்பு குதிரை வண்டியின் கூரைமேல் நனைந்தபடி போனவர்கள் அவர் கோட்டைத் தேடி வாங்கினார்கள். கூரை போட்ட ரயில் பெட்டி வந்ததும் அந்தத் தேவை குறைந்தது.

1843-ம் ஆண்டு ஜூலை 25-ந் தேதி மெக்கின்டாஷ் இறந்தார். வயது 76.

வெயிலில் இளகாமல், குளிரில் விறைக்காமல் ரப்பரைப் பதப்படுத்தும் வழிக்கு ஹன்காக் அதே ஆண்டு நவம்பரில் உரிமை கோரினார். கந்தகம் சேர்த்துச் சூடாக்கும் முறை அது. அமெரிக்காவில் சார்லஸ் குட்இயர் அதை முன்னதாகவே கண்டிருந்தார். கோட்டின் பெரிய குறை தீர்ந்தது. நான்கே மாதம் முந்தியிருந்தால் கிழவர் கண்குளிரப் பார்த்திருப்பார்!

சைக்கிள் வந்தது

மிதித்து ஓட்டும் சைக்கிள் தெருக்களில் பரவியது அவர் மறைவுக்குப் பின், 1860-களில். அதோடு வேர்வைப் பிரச்சினை இரட்டிப்பாயிற்று. நிற்பவனைவிட மிதிப்பவனுக்கு வேர்வை அதிகம் அல்லவா? அதனால் மேல்நாட்டுச் சைக்கிள்காரர்கள் கையில்லாத போர்வை போன்ற மேலங்கியை அணிந்தார்கள். முன்பக்கத்தை ஹாண்டில் பார்மேல் விரித்துவிட்டால் கீழிருந்து காற்று வரும். பலத்த காற்றடித்தால் பாய்மரமாகிவிடும் என்பது அதன் குறை.

1969-ல் அமெரிக்காவில் பாப் கோர் ஒரு மெல்லிய ஏட்டைக் கண்டுபிடித்தார். அதன் நுண்துளைகளில் மழைத்துளி நுழையாது. வேர்வை ஆவி வெளியேறும். கோர்டெக்ஸ் என்ற அந்தத் துணியில் கோட்டுகள் 1970-களில் விற்பனைக்கு வந்தன. விலை அதிகம். அதுவும் குளிர் நாட்டில்தான் நன்றாக வேலை செய்யும். வெளியே புழுக்கமாக இருந்தால் உள்ளிருக்கும் ஆவி எங்கே போகும்? புழுக்கமான ஊரில் சைக்கிள் மிதிப்பவருக்கு அக்குளில் திறப்பு, முதுகில் மடிப்புக்கு அடியில் காற்றுவழி உள்ள சாதாரணக் கோட்டே அதிகம் உதவும்.

வாங்கும்போது கடையிலேயே போட்டுக்கொண்டு, ஹாண்டில் பாரைப் பிடிப்பதுபோல் குனிந்து கையை நீட்டிப் பார்க்க வேண்டும். மணிக்கட்டு தெரிந்தால் கை குட்டை. முதுகு மேலேறினால், பின்சக்கரம் வாரியடிக்கும் சேறு இடுப்பில் விழும். தொப்பி, தலை திரும்பும்போது கூடவே திரும்ப வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் வரும் லாரி தெரியாது. நிறம் மஞ்சளாக இருந்தால் மழை மூட்டத்தில் லாரிக்காரருக்கு நாம் தெரிவோம்.

பிறகு கோட்டை உள்பக்கமாகத் திருப்ப வேண்டும். நல்ல கோட்டானால் தையல் ஓடும் இடமெல்லாம் விரல் அகலத்தில் ஒரு பட்டை ஒட்டியிருக்கும். மான்செஸ்டரில் தையல்காரரின் ஊசியோடு மெக்கின்டாஷ் கம்பெனி போராடி அடைத்த அதே ஓட்டைகளை அடைக்கும் பட்டைதான் அது.