கடல்மேல் ரயிலை ஏற்றியவர்

கல்லாறிலிருந்து குன்னூர் வரை நமது மலை ரயில், தண்டவாளங்களின் நடுவே உள்ள பற்சட்டத்தைப் பற்றிக்கொண்டு ஏறுவதை நாம் அறிவோம். மலை குறுக்கிட்டால் பற்சக்கரம் உதவும். கடல் குறுக்கிட்டால்? இக்கேள்விக்கு விடை கண்டவர் சர் தாமஸ் பௌச்.

இவர் 1822-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் கம்பர்லாந்துப் பகுதியில், ஒரு கப்பல் தலைவரின் மகனாகப் பிறந்தார். பதினேழு வயதிலேயே பொறியியல் வேலையில் சேர்ந்தார். 1849-இல், இருபத்தேழு வயதுகூட நிறையாத நிலையில், ஸ்காட்லாந்தின் ஒரு ரயில்வேக்கு மேலாளரும் பொறியாளரும் ஆனார்.

அந்த ரயில் பாதையை ஃபோர்த் என்னும் கடற்கழி துண்டித்தது. சரக்கு மூட்டைகளை ரயிலிலிருந்து இறக்கிப் படகில் ஏற்றி, அக்கரையில் மீண்டும் ரயிலில் ஏற்ற வேண்டும். இலங்கையிலிருந்து நீலகிரித் தோட்டங்களுக்கு வந்து குடியேறிய பாட்டிமாரைக் கேட்டால், தலைமன்னாரில் ரயிலை விட்டிறங்கி மூட்டை முடிச்சுகளுடன் கப்பல் ஏறிய துன்பத்தைச் சொல்வார்கள். அதே துன்பந்தான் அங்கும்.

பெட்டிகளையே கப்பலில் ஏற்றிவிட்டால் என்ன என்று எண்ணினார் பௌச். ஆனால் கடல் நீர் ஏறும், இறங்கும். கப்பல் ஒரே உயரத்தில் நில்லாது. ஆகவே கரையிலிருந்து நீருக்குள் ஒரு சரிவுப் பாதை கட்டப்பட்டது. அதன்மேல் சக்கரங்கள் பொருத்திய ஒரு மேடை, நீர்மட்டத்திற்கு ஏற்ப நீராவி எந்திரத்தால் மேலும் கீழும் இழுக்கப்பட்டது. மேடையின் நுனியில் இருந்த பாலத்தைத் தாழ்த்தினால், கரைத் தண்டவாளமும் கப்பல் தண்டவாளமும் ஒன்றாகும்! கிளாஸ்கோவில் ராபர்ட் நேப்பியர் கட்டிய நீராவிக் கப்பலுக்கு, விவிலியத்தின் யோபு ஆகமத்தில் வரும் பெரும் கடல் விலங்கின் பெயரான 'லெவியத்தான்' என்று பெயரிட்டனர். 1850-இல் அது சரக்குப் பெட்டிகளைச் சுமந்து 5 மைல் கடலைக் கடக்கத் தொடங்கியது. அந்தத் துறை 40 ஆண்டுகள் பயன்பட்டது.

ஆயினும் பௌச்சின் கனவு பாலத்தின்மீதே இருந்தது. டே நதி கடலோடு கலக்கும் அகன்ற முகத்துவாரத்தின்மேல் ஏறக்குறைய இரண்டு மைல் நீளப் பாலம் ஒன்றை அமைத்தார். 1878-இல் அது திறக்கப்பட்டது. மறு ஆண்டு விக்டோரியா மகாராணியார் அவருக்குச் 'சர்' பட்டம் வழங்கினார்.

1879 டிசம்பர் 28, ஞாயிறு இரவு. கடும் புயலில் பாலத்தின் நடுப்பகுதி சரிந்தது. அதன்மேல் சென்றுகொண்டிருந்த ரயிலும் நீரில் வீழ்ந்தது. ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. காற்றின் அழுத்தத்திற்கென்று பௌச் தனியே கணக்கிடவில்லை. இரும்புத் தூண்களின் வார்ப்பிலும் குறைகள் இருந்தன. விசாரணைக் குழு அவர்மீதே பெரும் பழியைச் சுமத்தியது. மனம் ஒடிந்த அவர் 1880 அக்டோபரில், 58-ஆம் வயதில் காலமானார்.

தோழியரே! 1964 டிசம்பரில் தனுஷ்கோடியில் ஒரு ரயிலையே புயல் விழுங்கியதை நம் பெரியோர் மறக்கவில்லை. பழைய பாம்பன் பாலத்தில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலை நிறுத்தும் ஏற்பாடு இருந்தது. டே பாலத்தில் மாண்டவர்கள் பொறியாளர்களுக்குக் கற்பித்த பாடம் அது: காற்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

கடல் நீரின் ஏற்ற இறக்கத்தை அத்தனை நுட்பமாகக் கணக்கிட்டவர், காற்றைக் கணக்கிட மறந்தார். முன்பு பெற்ற வெற்றி அடுத்த வேலையில் கவனக்குறைவை ஈடுசெய்யாது. அதே வேளையில், ஒருவர் செய்த பிழைக்காக அவர் செய்த நன்மையையும் நாம் மறந்துவிடலாகாது. இரண்டையும் பௌச்சின் வாழ்விலிருந்து கற்போமாக!