சுரங்கத்துக்குள் இறங்கிய அண்ணல்

பணியிடப் பாதுகாப்பு, தொழிலாளர் உடல்நலம் தொடர்பான 13 மத்தியச் சட்டங்கள் ஒன்றாக்கப்பட்டு, 2025 நவம்பர் 21 முதல் ஒரே தொகுப்பாக நடைமுறைக்கு வந்திருக்கின்றன. தொழிற்சாலை, சுரங்கம், தோட்டம், பீடி, கட்டுமானம், ஒப்பந்த வேலை, வெளிமாநிலத் தொழிலாளர் என்று தனித்தனியாக இருந்தவை எல்லாம் இதற்குள் அடக்கம். சட்டம் எளிமையாகிவிட்டது என்கிறது அரசு. தொழிலாளிக்கு எட்டாமல் போய்விட்டது என்கின்றன தொழிற்சங்கங்கள். முக்கூடலில் பீடித் தட்டோடு உட்காரும் பெண்ணும், முன்னீர்பள்ளம் பக்கம் கல்குவாரியில் வேலை செய்யும் ஆளும், பாளையங்கோட்டையில் சாரத்தில் ஏறும் கொத்தனாரும் இந்தத் தொகுப்பில் எங்கே இருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். அதற்கு முன், இந்தச் சட்டங்கள் பலவற்றுக்கு அடித்தளம் போட்டவரின் கதையைத் தெரிந்துகொள்வது நல்லது.

அவர் அம்பேத்கர்தான். அரசமைப்புச் சட்டம் எழுதியவராக, மகாடு குளத்தில் தண்ணீர் எடுத்தவராக, பௌத்தம் தழுவியவராக அவரை நம் ஊர்களில் சிறு பிள்ளைக்கும் தெரியும். 1942 முதல் 1946 வரை நான்கு ஆண்டுகள் வைஸ்ராயின் நிர்வாக சபையில் தொழிலாளர் துறையை அவர் கவனித்தது மட்டும் மேடைகளில் அதிகம் பேசப்படுவதில்லை. கோட்டும் கையில் புத்தகமுமாகத்தான் நாம் அவருக்குச் சிலை வைத்திருக்கிறோம். சுரங்கத் தொப்பியோடு ஒரு சிலையை நான் இதுவரை பார்த்ததில்லை.

1891-ல் மாவ் ராணுவக் குடியிருப்பில் பிறந்தவர். தந்தை ராம்ஜி சுபேதார். பள்ளியில் அனுபவித்த தீண்டாமை, கொலம்பியாவிலும் லண்டனிலும் பெற்ற பட்டங்கள் எல்லாம் வாசகர்கள் அறிந்தவை. அதிகம் கவனிக்கப்படாதது அவர் வாழ்ந்த இடம். பம்பாயின் பரேல் பகுதியில், ஆலைத் தொழிலாளர்கள் நெருக்கியடித்து வாழ்ந்த வரிசைக் குடியிருப்பில்தான் அவருடைய குடும்பம் பல ஆண்டுகள் இருந்தது. வெளிநாட்டுப் படிப்பு முடித்து வந்த பிறகும் அங்கேயே இருந்தார். பஞ்சாலையில் என்ன நடக்கிறது என்பதை அவர் அறிக்கையில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை.

பம்பாய் ஆலைகளில் தாழ்த்தப்பட்டோருக்கு நூற்புப் பிரிவில் வேலை கிடைக்கும். கூலி அதிகமுள்ள நெசவுப் பிரிவுக்குள் அவர்களை விடமாட்டார்கள். அதற்குக் காரணம் தறி நாடா. அந்தக் காலத்து நாடாவில் நூல் தீர்ந்து புதுத் தார் போடும்போது, நூல் நுனியை நாடாவின் சிறு துளையில் வாய் வைத்து உறிஞ்சி இழுக்க வேண்டும். ஒரே நாடாவைப் பலரும் வாயில் வைப்பார்கள். தாழ்த்தப்பட்டவர் வாய் பட்ட நாடாவைத் தொடமாட்டோம் என்று சாதி இந்துத் தொழிலாளர்கள் மறுத்தார்கள். ஆலை முதலாளிகளும் அதை ஏற்றுக்கொண்டார்கள்.

ஒருவர் எச்சில் இன்னொருவர் வாய்க்குப் போகும் இந்த முறை நோய் பரப்பும் முறை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் 1911-லேயே அதைத் தடை செய்தது. நம் நாட்டில் பிரச்சினை வேறு விதமாகப் புரிந்துகொள்ளப்பட்டது. நோய் பரவுகிறதே என்று யாரும் நாடாவை மாற்றச் சொல்லவில்லை. தீட்டுப் பரவுகிறது என்று ஆளை மாற்றினார்கள். 1928-ல் பம்பாய்ப் பஞ்சாலைகளின் பெரிய வேலைநிறுத்தத்தின்போது, நெசவுப் பிரிவில் தாழ்த்தப்பட்டோருக்கும் இடம் வேண்டும் என்பதைக் கோரிக்கைப் பட்டியலில் சேர்க்க அம்பேத்கர் வற்புறுத்தினார். சங்கத் தலைவர்கள் தயங்கித் தயங்கித்தான் சேர்த்தார்கள். ஆலைக்குள் யார் எந்த ஆபத்தில் நிற்பது, யாருக்கு எவ்வளவு கூலி என்பதைச் சாதி முடிவு செய்கிறது என்ற பாடம் அவருக்கு அங்கேதான் உறுதிப்பட்டிருக்க வேண்டும்.

அதே 1928-ல் பம்பாய் சட்டசபையில் ஆலைப் பெண்களுக்கான பேறுகால உதவி மசோதாவை ஆதரித்துப் பேசினார். 1936-ல் அவர் தொடங்கிய கட்சியின் பெயரே சுதந்திரத் தொழிலாளர் கட்சி. 1938 நவம்பர் 7-ல், வேலைநிறுத்த உரிமையைக் கட்டுப்படுத்தும் மசோதாவை எதிர்த்து, கம்யூனிஸ்டுகளோடு சேர்ந்து ஒரு நாள் வேலைநிறுத்தம் நடத்தினார்.

1942 ஜூலையில் டெல்லியில் தொழிலாளர் துறைப் பொறுப்பை ஏற்றார். இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த நேரம். அப்போது தொழிலாளர் சட்டங்கள் மாகாணத்துக்கு மாகாணம் வேறுபட்டன. ஒரு மாகாணத்தில் பேறுகால உதவி உண்டு, பக்கத்து மாகாணத்தில் இல்லை. அரசு, முதலாளிகள், தொழிலாளர்கள் மூவரும் உட்காரும் முத்தரப்பு மாநாட்டை அவர் முறையாக நடத்தினார். நாடு முழுவதும் ஒரே மாதிரியான தொழிலாளர் சட்டம் என்பது அந்த மாநாட்டின் முதன்மை நோக்கங்களில் ஒன்று. ஆக, சட்டங்களைச் சீராக்குவது, எளிமையாக்குவது என்பது இன்று யாரோ புதிதாகக் கண்டுபிடித்தது அல்ல. அம்பேத்கரும் அதைத்தான் செய்தார். ஆனால் எல்லோரையும் உள்ளே கொண்டுவருவதற்காகச் செய்தார்.

1943 டிசம்பரில் தன்பாத் நிலக்கரிப் பகுதிக்குச் சென்று சுரங்கத்துக்குள் இறங்கிப் பார்த்தார். தொழிலாளர் குடியிருப்புகளையும் பார்த்தார். 1944 ஜனவரியில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் நல நிதிக்கான அவசரச் சட்டம் வந்தது. தோண்டி அனுப்பும் நிலக்கரியின் மேல் ஒரு வரி போட்டு, அந்தப் பணத்தில் வீடு, மருத்துவம், குடிநீர் தருவது ஏற்பாடு. பின்னர் சுரங்க வாயிலில் குளியலறை, பெண் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்குக் காப்பகம் ஆகியவற்றுக்கும் சட்டத்தில் வழி செய்யப்பட்டது. கரித்தூளோடு வீட்டுக்குப் போகாமல் குளித்துவிட்டுப் போவது ஒரு தொழிலாளியின் உரிமை என்று சட்டம் சொன்னது சாதாரண விஷயமல்ல.

இந்த நான்கு ஆண்டுகளில் சங்கடமான ஒரு பக்கமும் உண்டு. அதை மறைத்து எழுதுவது அவருக்கு மரியாதை ஆகாது. சுரங்கத்தின் அடியில் பெண்கள் வேலை செய்வது 1937 முதல் தடை செய்யப்பட்டிருந்தது. போர்க்காலத்தில் நிலக்கரி போதவில்லை, ஆட்கள் கிடைக்கவில்லை என்ற காரணத்தால் 1943-ல் அரசு அந்தத் தடையை விலக்கியது. அப்படி இறங்கிய பெண்களில் ஆதிவாசிகளும் தலித்துகளுமே அதிகம். மத்தியச் சட்டமன்றத்தில் கடும் கண்டனம் எழுந்தது. பெண்கள் அமைப்புகளும் எதிர்த்தன. இது நெருக்கடிக் கால ஏற்பாடு என்று துறைத் தலைவராக அம்பேத்கர் பதில் சொல்ல வேண்டியிருந்தது. ஒரே வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்ற நிபந்தனையையும், அடிச்சுரங்கத்தில் வேலை செய்யும் பெண்களுக்குக் கூடுதல் பேறுகால விடுப்பையும் அவரது துறை கொண்டுவந்தது. 1946 பிப்ரவரியில் தடை திரும்பவும் வந்தது. ஆனாலும் அந்தத் தளர்வு தவறானது என்றே எனக்குத் தோன்றுகிறது. நெருக்கடி என்று சொல்லிப் பாதுகாப்பைத் தளர்த்தும்போது முதலில் உள்ளே இறக்கப்படுவது யார் என்பதற்கு அதுவே சாட்சி.

தொழிற்சாலைகள் பக்கம் வருவோம். வாரத்துக்கு 54 மணி நேரமாக இருந்த வேலை 1946 சட்டத் திருத்தத்தில் 48 ஆனது. நாளுக்கு 8 மணி நேரம் என்று நாம் சொல்வதற்குச் சட்ட ஆதாரம் அதுதான். சம்பளத்தோடு விடுமுறை 1945-ல் வந்தது. தொழிற்சாலைப் பாதுகாப்பில் மாகாணங்களுக்கு ஆலோசனை சொல்ல, அதே ஆண்டு மத்திய அரசில் தலைமை ஆலோசகர் அலுவலகம் உருவானது. அதார்கர் தயாரித்த நலக் காப்பீட்டு அறிக்கைதான் 1948-ல் இ.எஸ்.ஐ. சட்டமாக மாறியது. ரேகே தலைமையில் அமைத்த விசாரணைக் குழு தோட்டம், பீடி, சுரங்கம் என்று தொழில் தொழிலாக நிலைமையை எழுதி வைத்தது. முதலில் நிலைமையை அறிவது, பிறகு மூன்று தரப்போடும் பேசுவது, அதன்பின் சட்டம் போடுவது. இதுதான் அவரது வரிசை.

1946 ஜூனில் அந்தப் பொறுப்பு முடிந்தது. அடுத்துத் தொழிலாளர் அமைச்சரானவர் ஜெகஜீவன் ராம். 1948 தொழிற்சாலைச் சட்டம் அவர் காலத்தில் நிறைவேறியது. இந்தியத் தொழிலாளியின் உயிரைக் காக்கும் அடிப்படைச் சட்டத்தை அடுத்தடுத்துச் சுமந்த இருவருமே சேரியிலிருந்து வந்தவர்கள். அரசமைப்புச் சட்டத்தில் 14 வயதுக்கு உட்பட்டோரை ஆலையிலும் சுரங்கத்திலும் வேலைக்கு வைப்பதைத் தடுக்கும் 24-வது பிரிவும், மனிதத்தன்மையுள்ள பணிச்சூழல் பற்றிய 42-வது பிரிவும் இடம்பெற்றன. 1956 டிசம்பர் 6-ல் அண்ணல் மறைந்தார்.

ஒரு சட்டம் யாரை உள்ளே எடுக்கிறது என்பதைக் காட்டுவது அதிலுள்ள ஆள் எண்ணிக்கை. இந்தியாவின் முதல் தொழிற்சாலைச் சட்டம் 1881-ல் வந்தது. பாபநாசத்தில் தாமிரபரணியின் விசையில் ஹார்வி ஆலை ஓடத் தொடங்கியதற்குச் சில ஆண்டுகள் முன்பு. 100 பேர் வேலை செய்தால்தான் அந்தச் சட்டம் பொருந்தும். 1891-ல் அது 50 ஆனது. 1922-ல் 20. 1948-ல், மின்விசையுள்ள இடத்துக்கு 10, இல்லாத இடத்துக்கு 20. அறுபத்தேழு ஆண்டுகளாகக் கோடு கீழே இறங்கிக்கொண்டே வந்தது. சிறு பட்டறைத் தொழிலாளியும் மெல்ல மெல்ல உள்ளே வந்தார். இப்போதைய தொகுப்பில் அது 20, 40 என்று மேலே ஏறியிருக்கிறது. ஒப்பந்தத் தொழிலாளர் விதிகள் 20 பேருக்கு என்றிருந்தது 50 ஆகியிருக்கிறது.

தொகுப்பில் நல்லவையே இல்லை என்று சொல்ல வரவில்லை. வேலைக்குச் சேரும் எல்லோருக்கும் நியமனக் கடிதம், இலவச ஆண்டு மருத்துவப் பரிசோதனை ஆகியவை வரவேற்க வேண்டியவை. பாதுகாப்பு அதிகாரி 1,000 பேர் உள்ள ஆலைக்கு என்றிருந்தது 500 ஆகியிருக்கிறது. ஆனால் நம் மக்கள் அதிகம் இருப்பது 500 பேர் ஆலையிலா, 15 பேர் பட்டறையிலா? பீடி சுற்றும் பெண்ணுக்குத் திண்ணைதான் தொழிற்சாலை. 1966 பீடிச் சட்டத்தின் காற்றோட்டம், தூய்மை விதிகளும் பீடிக் கூடங்களுக்குத்தான். வீட்டுக்குள் புகையிலைத் தூள் பறப்பதை அன்றும் சட்டம் பார்க்கவில்லை, இன்றும் பார்க்கவில்லை. மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்கள் கூலி கேட்டு ஊர்வலம் வந்த 1999 ஜூலை 23-ல் தாமிரபரணி ஆற்றங்கரையில் 17 உயிர்கள் போயின. அவர்களுக்கும் 1951 தோட்டத் தொழிலாளர் சட்டம் ஏட்டில் இருந்தது. சாக்கடைக்குள் இறங்கும் வேலையோ ஒன்றாக்கிய 13 சட்டங்கள் எதிலுமே முறையாக இருந்ததில்லை. அதற்கு 2013-ல் வந்த தனிச் சட்டம்தான். நாட்டில் பணியிடச் சாவு மிக அதிகமாகச் சாதியோடு ஒட்டியிருக்கும் வேலையை, பணியிடப் பாதுகாப்புத் தொகுப்புக்கு வெளியே வைத்துவிட்டுச் சட்டத்தை எளிமையாக்கியாயிற்று.

8 மணி நேரமும் பத்திரமாக இல்லை. 2023 ஏப்ரலில், 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா நம் சட்டசபையிலேயே நிறைவேறியது. எதிர்ப்பு வலுத்ததால் மே தினத்தன்று அது திரும்பப் பெறப்பட்டது.

2022 மே மாதம் அடைமிதிப்பான்குளம் கல்குவாரியில் இரவு நேரத்தில் பாறை சரிந்து 6 பேர் சிக்கினார்கள். 4 பேர் இறந்தார்கள். ஒரு உடலை எடுக்க ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. ஆறு மீட்டருக்கு மேல் ஆழம் போகும், வெடி வைக்கும் குவாரி எதுவும் சட்டப்படி சுரங்கம்தான். அதைச் சோதிக்க வேண்டிய சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்குநரகத்தின் தலைமையகம், அண்ணல் 1943-ல் இறங்கிப் பார்த்த அதே தன்பாத்தில் இருக்கிறது. சோதனைக்குப் போகும் ஆய்வாளரின் பதவிப் பெயரில் இப்போது உதவியாளர் என்பதும் சேர்ந்திருக்கிறது. எந்த இடத்துக்குச் சோதனைக்குப் போவது என்பதைக் கணினி குலுக்கிச் சொல்லும். அடைமிதிப்பான்குளம் மாதிரிக் குவாரிகள் அந்தக் குலுக்கலில் ஆண்டுக்கு எத்தனை முறை வரும் என்பதை மாவட்ட நிர்வாகம் கேட்டு வாங்கி, ஊராட்சி ஊராட்சியாக வெளியிட வேண்டும்.