தச்சனைப் பாடிய துறவி

கடற்கரையில் 1968ஆம் ஆண்டு உலகத் தமிழ் மாநாட்டையொட்டி நிறுவப்பட்ட சிலைகளுள் காவியுடைப் பெரியார் ஒருவர் நிற்கிறார். இத்தாலி நாட்டுக் காசுதிகிலியோனில் 1680இல் பிறந்த கான்சுடன்டைன் சோசப் பெசுகி அவர். நமக்கோ வீரமாமுனிவர்!

பதினெட்டாம் வயதில் இயேசு சபையிற் சேர்ந்து வீட்டைத் துறந்தார். முப்பதாம் வயதில் கோவா வந்திறங்கினார். அங்கிருந்து மதுரை மறைத்தளம் சேர்ந்தார். குருக்கள்பட்டியில் சிறைப்பட்டு, சாவின் விளிம்புவரை சென்று மீண்டார். அவர் பல்லக்கேறியதாகவும் நவாபிடம் திவானாக இருந்ததாகவும் சுவையான கதைகள் வழங்குகின்றன. அறிஞர் பலர் அவற்றை ஐயுறுகின்றனர். நாமும் விட்டுவிடுவோம், அவர் பெருமை பல்லக்கில் இல்லை.

எகர ஒகரங்களின் குறில் நெடில் மயக்கத்தைத் தீர்த்தவர் அவரே. சதுரகராதி (1732) தொகுத்ததும், திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் பெயர்த்ததும் நம் வகுப்பறைகளில் ஒப்பிக்கப்படும் செய்திகள். பக்தி இலக்கியமாகிய தேம்பாவணியைப் பற்றியோ, தேர்வுக்கு வேண்டிய எண்களோடு நின்றுவிடுகிறோம்: மூன்று காண்டம், 36 படலம், 3615 பாடல். ஆண்டு 1726. தமிழ் மண்ணை மிதித்துப் பதினைந்தே ஆண்டுகளில் இது!

காப்பியத்துக்குத் தன்னிகரற்ற தலைவன் வேண்டும் என்பது நம் மரபு. முனிவர் தேர்ந்தெடுத்ததோ உளியும் இழைப்புளியும் பிடித்த ஒரு தச்சனை. இயேசுவின் வளர்ப்புத் தந்தையாகிய சூசை, நற்செய்தி நூல்களில் ஒரு சொல்லும் பேசுவதில்லை. தாவீது அரசனின் வழிவந்தவர்தாம். ஆயினும் கைத்தொழிலால் குடும்பம் காத்தவர். அந்த ஊமைத் தொழிலாளிக்கு ‘வளன்’ என்று பெயர் சூட்டி, நாட்டுப் படலமும் நகரப் படலமும் பாடி, யூதேயாவில் நம் வயல்களையும் வாழைகளையும் முளைக்கச் செய்துவிட்டார். எசுப்பானிய நாட்டுக் கன்னித்துறவி ஆகிரேதா மரியாளின் நூல் கதைக்கு அடிப்படை எனினும், பாவும் ஊடையும் தமிழே. குழித்தறியில் கால்வைத்து நெய்யும் வீட்டுப் பிள்ளைகளாகிய ஆரணி மாணவர்க்கு இந்தத் தலைவன் அந்நியன் அல்லன்.

ஓரிடத்தை மட்டும் சொல்லியாக வேண்டும். இளமையில் வளன் துறவு பூண எண்ணிக் காட்டுக்குப் புறப்படுகிறான். வானவன் ஒருவன் முதியவர் வடிவில் வந்து தடுக்கிறான். ஊரோடு வாழ்ந்து அறம் செய்வதன் ஏற்றத்தை எடுத்துரைத்துத் திருப்பியனுப்புகிறான். இதை எழுதியவர் யார்? தாய்நாட்டையும் வீட்டையும் துறந்து கடல்கடந்து வந்து, திரும்பிப் போகாமலே 1747இல் கண்மூடிய துறவி! தம் வாழ்வுக்கு நேர்மாறான பாதையைத் தம் தலைவனுக்கு வகுத்து, அதையே உயர்ந்தது என்று பாட எத்துணை நெஞ்சுரம் வேண்டும்! தேம்பாவணியில் எனக்குப் பிடித்த இடம் இதுவே. சமயம் எதுவாயினும் இப்பகுதியைப் படிக்கலாம்.

வீடு திரும்பிய அந்தத் தச்சனுக்குத்தான், நூலின் இறுதியில், முடிசூட்டுப் படலம்.