விவேகானந்தரும் கடல் பாறையும்

நரேந்திரன் 1863 ஜனவரி 12-ல் கொல்கத்தாவில் பிறந்தார். அப்பா இறந்ததும் வீட்டில் வறுமை. ராமகிருஷ்ணரின் சீடராகித் துறவியானார். ஊர் ஊராகச் சுற்றி ஏழைகளின் பசியைப் பார்த்தார். 1892 டிசம்பரில் கன்னியாகுமரி வந்து, கடலுக்குள் இருக்கும் பாறையில் தியானம் செய்தார். ஏழைகளுக்காக உழைக்கணும்னு அங்கேதான் முடிவெடுத்தார்.

அந்தப் பாறை எப்படி நிக்குது? அலை மோத மோத, வெடிப்புள்ள இடம் முதல்ல அரிச்சுப் போகும். கெட்டிப் பாறை மிஞ்சும். கடல் குகை, கடல் வளைவு, கடல் தூண் எல்லாம் இப்படித்தான் உண்டாகுது.

1893-ல் சிகாகோவில் பேசிப் புகழ் பெற்றார். 1897-ல் ராமகிருஷ்ணா மிஷனைத் தொடங்கினார். 1902 ஜூலை 4-ல் காலமானார். வயசு 39தான்! 1970-ல் அந்தப் பாறையில் நினைவு மண்டபம் திறந்தாங்க.

அந்தப் பாறையையும் அலை கொஞ்சம் கொஞ்சமா தேய்க்குது. நம்ம அண்ணாமலையையும் மழை தேய்க்குது. பாறைக்கே அப்படின்னா நமக்கு? இருக்கிற நாளில் நல்லது செய்வோம்!